ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே

ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே துணியில் வரைந்ததைப் புத்தகமாகப் போட்டால், அட்டையில் யார் வீட்டுப் படத்தை வைப்பது, நீங்களே சொல்லுங்கள்? கோகிலாவுக்குக் காலையிலிருந்து இதே கேள்விதான். அரிசி களையும்போதும் இதுதான், பிள்ளைக்குப் பருப்புச்சோறு பிசைந்து ஊட்டும்போதும் இதுதான். இப்போது மணி இரண்டு பத்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாயிற்று, பத்து மாதத் தன்ஷிகா சேலைத் தொட்டிலில் தூங்குகிறாள், தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை கோகிலாவின் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கிறது, கை மவுசை நகர்த்துகிறது, கால் தொட்டிலை ஆட்டுகிறது, மனசு மட்டும் கையோடும் சேரமாட்டேன் காலோடும் சேரமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே முப்பத்தாறு பக்கமும் நேற்றே முடிந்துவிட்டது. பாக்கி அட்டை ஒன்று, அதற்குக் கீழே பேர்கள். அவ்வளவுதான், அவ்வளவேதான், ஆனால் நாலு மணிக்குள் ஃபைல் போயாக வேண்டும், பிரஸ்காரர் கனகராஜ் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார், "நாலு மணிக்குப் பிளேட்டுக்குப் போனாத்தாம்மா இன்னிக்கு மிஷின்ல ஏறும், விட்டா நோட்டீஸ் வேலை வந்து உக்காந்துக்கும், அப்புறம் உம் புத்தகம் சித்திரைக்குத்தான்." ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வெளியீடு. கோயமுத்தூரிலிருந்து ஹெலன் மேடம் வருகிறார், அவருடைய ஓவியக் குழுவும் வருகிறது, வாடகை நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது, நாற்காலி வந்து புத்தகம் வராவிட்டால் எப்படி இருக்கும்? சரி, பரிமளம் அக்கா வரைந்த துணிக்கொடியை அட்டையில் வைத்தாள், அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஏழாம் நம்பர் ஜோதிமணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், எடுத்தாள். ஜோதிமணியின் மொட்டை மாடியை வைத்தாள், ஒன்றாம் நம்பர் வீட்டில் இன்னொரு மாசத்துக்குக் குழாய்ச் சாவியைக் கேட்டால் தரமாட்டார்கள், எடுத்தாள். தன்னுடைய படத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள், எடுத்தாள்.

இந்தத் துணி வந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. திருப்பூரில் எத்தனையோ லைன் வீடு, அதில் இது ஒன்று, ஒரே சுவரைப் பங்குபோட்ட ஒன்பது வாசல், முன்னால் ஒரு குழாய், பின்னால் இரண்டு கக்கூஸ். ஹெலன் மேடம் ஒருநாள் வந்து ஒன்பது வீட்டுப் பெண்களையும் குழாயடியில் உட்காரவைத்துப் பேசினார், பதினெட்டு அடிக்கு வெள்ளை பனியன் துணி, பெயிண்ட் டப்பா, பிரஷ் எல்லாம் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு இரண்டடி, இரண்டு நாள். முன் வீட்டுக்காரி எங்கே விட்டாளோ அங்கே பிடித்து அடுத்த வீட்டுக்காரி தொடங்க வேண்டும், யாரும் யார் படத்தின் மேலும் கை வைக்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். "எங்களுக்குப் பூப்போட்ட கோலந்தானுங்க தெரியும்" என்று இழுத்தவர்கள்தான், துணி கைக்கு வந்ததும் பிள்ளைகளைக்கூடக் கிட்டே விடவில்லை. ஒன்றாம் நம்பரில் குழாயடி வரிசை, இரண்டில் கம்பெனி வேன், மூன்றாம் நம்பர் கோகிலா வேனிலிருந்து இறங்குகிற கால்களாக வரைந்தாள், முகம் வரைய வராது என்பதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கால்கள் நாலாம் நம்பரில் சமையற்கட்டுக்குள் போயின, ஐந்தாம் நம்பர் பரிமளம் அக்கா அங்கிருந்து ஒரு கொடிக்கயிற்றை இழுத்துத் துணி காயப்போட்டாள், அவள் பனியன் கம்பெனி டைலர், சட்டைக் கையின் மடிப்பை அவள் வரைந்த மாதிரி கடைக்காரன்கூட மடிக்கமாட்டான். கயிறு துணியின் ஓரம் வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் ஆறாம் நம்பர். அப்புறம் ஏழு, ஏழில் ஜோதிமணி கயிற்றை மறுபடி பிடித்து மொட்டை மாடியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். எட்டு, ஒன்பது. இப்படி ஒருவர் கை ஒருவர் கையைப் பிடித்தமாதிரி வந்த துணியைத்தான் பக்கம் பக்கமாக வெட்டிப் புத்தகமாக்க வேண்டும், ஒரு பக்கத்தின் ஓரமும் அடுத்த பக்கத்தின் ஓரமும் பிசகாமல் சேர வேண்டும், லைனில் கம்ப்யூட்டர் இருப்பது கோகிலா வீட்டில் மட்டும், அவள்தான் லேபிள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிசைன் செய்து தருகிறவள், ஆகவே அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, அவளே தலையை நீட்டினாள்.

"கண்ணு, தூங்கிட்டாளா?" ஜன்னலில் பரிமளம் அக்காவின் பாதி முகம். இன்றைக்கு அவளுக்குக் கம்பெனி லீவு.

கோகிலா வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஒண்ணுமில்ல, அட்டையில என்ன வருதுன்னு சும்மா கேட்டேன். எம்படத்த வைன்னு நாஞ் சொல்லல. அந்த நீலச் சட்ட மட்டும் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அத நாஞ் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க."

"பாக்கறேங்கக்கா."

"பாரு பாரு. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும், ஒரு பொட்டுக் கறைகூட உங்கண்ணுல தப்பாதே."

பாதி முகம் போய்விட்டது, சொன்னது போகவில்லை. ஒரு பொட்டுக் கறைகூடத் தப்பாது. உண்மைதானே, கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஆக ஐந்து வருஷம் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள், டியூப்லைட்டுக்குக் கீழே டேபிள் நிறையச் சட்டை, ஒரு பீஸை இழுத்துப் போட்டு முன்னே பார்த்துப் பின்னே புரட்டி உள்ளே திருப்பிக் கறை இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அந்தப் பக்கம் எறிவதற்குள் அடுத்த பீஸ் கையில் இருக்கும், எண்ணெய்க் கறை, துருக் கறை, பேனாக் கறை, கஞ்சிக் கறை, பத்தடி தூரத்திலேயே பேர் சொல்லுவாள், பெண் பார்க்க வந்த நவநீதனின் சட்டைக் காலரில் இருந்த டீக்கறையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள், அவர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார், "என்னை ரிஜக்ட் பண்ணாம விட்டியே, அதுவே பெருசு." வயிற்றில் தன்ஷிகா வந்தபிறகு நின்றுகொண்டே வேலை பார்க்க முடியவில்லை, கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாசம் படித்தாள், கை மாறியது, கண் மாறவில்லை. துணி ஒன்பது வீடும் சுற்றி வந்தபோது அவள் முதலில் செய்த வேலை என்ன, விரித்துப் போட்டு முழங்கால் போட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் செக் பண்ணினாள். இரண்டில் ஒரு மஞ்சள் கை. நாலில் குழம்புத் தெறிப்பு. ஆறாம் நம்பர் வீட்டு இரண்டடியில் படமே இல்லை, வெறும் துணி, அதில் அங்கங்கே காய்ந்துபோன கஞ்சி. வரைய வராதவள் வாங்கி வைத்துவிட்டு, சோறு வடிக்கிற இடத்தில் போட்டிருப்பாள் போலிருக்கிறது. அப்போது கோபம்கூட வரவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் என்னமோ செய்கிறது, பாவம் என்றுதான் நினைத்தாள், பழைய பல்லு பிரஷ் எடுத்து, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, பூவாகத் தேய்த்தாள், பொறுப்பாகத் தேய்த்தாள், பொருக்குப் பொருக்காக வந்தது, ஊதிவிட்டாள். மிச்சம் மீதி நிழலை ஸ்கேன் பண்ணினபிறகு கம்ப்யூட்டரில் துடைத்தாள். அப்புறம் வெறும் துணிக்கு நாலு பக்கம் எதற்கு என்று அந்த இரண்டடியை எடுத்துவிட்டு, பரிமளம் அக்காவின் கயிற்றையும் ஜோதிமணியின் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தாள், அரை இஞ்ச் மேலே கீழே இருந்ததைச் சரிக்கட்டினாள், வெட்டினது ஒட்டினது தெரியாமல் அப்படிச் சேர்ந்தது. அதைப் பார்த்து அன்றைக்கு ராத்திரி நவநீதனிடம் பெருமையடித்துக்கொண்டது வேறு. ஆறாம் நம்பரின் காலி நாலு பக்கத்தை ஒன்பதுக்கும் எட்டுக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று, முப்பத்தாறு முப்பத்தாறாகவே இருந்தது, கணக்கு சரி.

தொட்டில் லேசாக அசைந்தது, கால் தானாக ஆட்டியது, அடங்கியது. இரண்டு முப்பத்தைந்து. அட்டை கிடக்கட்டும், பேரையாவது அடிப்போம் என்று ஹெலன் மேடம் எழுதிக் கொடுத்த தாளை எடுத்தாள். வாசல் எண்ணும் பேரும் வரிசையாக, ஒன்று, இரண்டு, மூன்று கோகிலவாணி, தன் முழுப் பேரைப் பார்க்க அவளுக்கே புதிதாக இருந்தது, நாலு, ஐந்து பரிமளம், ஆறுக்கு நேரே ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை, ஏழு ஜோதிமணி. பேர் எழுதின அன்றைக்கு ஆறாம் நம்பர் டூட்டி முடிந்து தூங்கியிருப்பாள். அவள் பேர் என்ன? கோகிலா யோசித்தாள். இரண்டு வருஷமாக இருபது தப்படி தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு என்ன பேர்? ஆறாம் நம்பர் என்பார்கள், இந்திக்காரப் பொண்ணு என்பார்கள், அவள் இந்திக்காரியும் இல்லை, ஒடிசா, அது ஒருநாள் வீட்டு ஓனர் வாடகை வாங்க வந்தபோது காதில் விழுந்தது. மில்லில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் கதவு சாத்தியிருக்கும், புருஷன் வேறு எங்கேயோ லோடு வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவான். தமிழ் பேசுவாளே, கேட்டால் பேசுவாள், யார் கேட்டார்கள். சரி, படமே போடாதவளுக்குப் பேர் எதற்கு, கோட்டை எடுத்துவிட்டால் எட்டுப் பேர், எட்டு என்றால் இரண்டு வரிசைக்கு நாலு நாலாக அழகாக உட்காரும், ஒன்பதுதான் இடிக்கிறது என்று நினைக்கும்போதே அட்டையில் தான் போட்டுவைத்திருந்த ‘ஒன்பது வாசல்’ என்ற தலைப்பு அவளைப் பார்த்தது. ஒன்பது வாசல், எட்டுப் பேர். அவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான். அன்றைக்கு அந்தப் பெண் துணியைக் கொண்டுபோய் ஜோதிமணியிடம் கொடுத்தது ஞாபகம் வந்தது, எல்லோரும் நாலாய் எட்டாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள், அவள் மட்டும் மடிக்கவில்லை, தன் பாகத்தை இரண்டு கையிலும் விரித்து ஏந்திக்கொண்டு, மிச்சத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போனாள், குழாயடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், கோகிலாவும்தான். "காயணும், காயணும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். காயணும். ஒன்றுமே வரையாத துணி எதற்குக் காய வேண்டும்?

அந்த இடத்தில் கோகிலாவின் நினைப்பு கொக்கியில் மாட்டின துணிமாதிரி நின்றது. இழுத்தால் கிழியும் என்று தெரிந்தது, அதனால் இழுக்கவில்லை, வேறு பக்கம் போனாள். அட்டை. ஆமாம், அட்டை. யார் படமும் வேண்டாம் என்றால் என்ன, துணியின் பின்பக்கத்தை வைத்தால் என்ன? பெயிண்ட் ஊறிப் பின்னால் இறங்கியிருக்கும், ஒன்றும் உருவமாகத் தெரியாது, பரிமளம் அக்காவின் நீலம் ஒரு திட்டாக, வேனின் மஞ்சள் ஒரு திட்டாக, எல்லோரும் இருப்பார்கள், யாரும் தனியாகத் துருத்திக்கொண்டு இருக்கமாட்டார்கள், யாரும் யார்மேலும் மூஞ்சியைத் தூக்க முடியாது. இது நல்ல யோசனை, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. கால் விரலிலிருந்து கயிற்றைக் கழற்றி நாற்காலிக் காலில் மாட்டிவிட்டுப் பீரோவுக்கு மேலிருந்த துணியை இறக்கினாள், பாயில் குப்புறப் போட்டு விரித்தாள், பார்த்தாள், நினைத்ததைவிட நன்றாக இருந்தது. போனிலேயே படம் எடுத்துவிடலாம், சுருக்கம் மட்டும் இருக்கக் கூடாது, முழங்கால் போட்டு உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தாள், ஒன்று, இரண்டு, தன்னுடைய கால்கள், நாலு, ஐந்து, ஐந்தின் நீலம் முடிந்தது, கை வெள்ளையில் போயிற்று, ஏதோ இடறியது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு இருந்தது. பனியன் துணி வெண்ணெய்மாதிரி போகும், அதில் காசு அகலத்துக்கு ஒரு விறைப்பு. பக்கத்தில் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. முன்பக்கம்தான் தேய்த்தாள், பின்னால் இறங்கினதை யார் தேய்த்தது. கறை விழுந்தால் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியாதா, தெறித்தால் வால் இருக்கும், வழிந்தால் ஓரம் இருக்கும், சிந்தினால் பெரிசும் சிறிசுமாக இருக்கும். இவை எல்லாம் ஒரே அளவு. விரல் நுனி அளவு. அவள் தன் ஆள்காட்டி விரலை ஒன்றின்மேல் வைத்தாள், பொருந்தியது, கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததைத் தேடினாள், அடுத்தது, அடுத்தது, பரிமளம் அக்காவின் கயிறு நின்ற இடத்திலிருந்து அந்தப் புள்ளிகள் கொஞ்சம் தொய்ந்து கீழே இறங்கின, நடுவில் தாழ்ந்தன, மறுபடி ஏறின, கயிறு தொய்கிற மாதிரி. தொய்ந்த இடத்திலெல்லாம் கீழே மூன்று மூன்றாகச் சின்னப் புள்ளிகள் தொங்கின, கதிர்மாதிரி, கொடியில் துணிக்குப் பதிலாக நெற்கதிரைத் தொங்கப் போட்டமாதிரி. ஏறிப் போய், ஜோதிமணியின் கயிறு தொடங்குகிற அதே உயரத்தில் விரல் முட்டி நின்றது. "அவ ஒண்ணும் பண்ணலைக்கா, நானே அந்தாண்டையிலிருந்து கயித்தப் பிடிச்சுக்கிட்டேன்" என்று ஜோதிமணி அன்றைக்குச் சொன்னாளே, அந்த உயரம் எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது, அவள் கையும் ஏதோ ஒன்று இடறின இடத்தில்தான் பிரஷை வைத்திருக்கும்.

கோகிலா கண்ணைத் திறந்தாள். வெள்ளைத் துணி. அரிசி மாவு. மார்கழியில் ஒருநாள் ஆறாம் நம்பர் வாசல்படியில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன கோகிலாதான் கால் வழுக்கப் பார்த்தாள், "கஞ்சித்தண்ணியை வாசல்லயா கொட்டறது" என்று சத்தம் போட்டு, தானே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள், நல்ல காரியம் செய்த நினைப்பில் ஊற்றினாள், அந்தப் பெண் கதவில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றது. அது அவர்கள் ஊர்க் கோலம் என்று சொல்லியிருக்கலாமே. என்னத்தைச் சொல்லுவாள், இவள் போட்ட சத்தத்தில். அதற்கு முன்னால் ஒரு தடவை, குழாயடியில், தன்ஷிகாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள், ஒன்பது வீட்டில் எட்டு வீட்டு மடியிலும் உருண்ட பிள்ளை, "புதுசா ஆளப் பாத்தா அழுவா" என்று கோகிலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், பிள்ளையோ யாரைப் பார்த்தும் அழாத பிள்ளை, அந்த நிமிஷம்கூட அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. சரி, என்ன ஆகிவிட்டது இப்போது, பேரைப் போட்டுவிடலாம், பேர் கேட்டு ஒன்பதாவதாக அடித்துவிட்டால் முடிந்தது, அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வாள். படிக்கத் தெரியாதவள் எதைப் பார்ப்பாள், படத்தைத்தான் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை, அத்தனை நாற்காலிக்கு நடுவில், புரட்டுவாள், பரிமளம் அக்காவின் சட்டை வரும், அடுத்த பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்புவாள், மொட்டை மாடி வரும். பின்னால் ஒரு பக்கம் போவாள். முன்னால் ஒரு பக்கம் வருவாள். அப்புறம் மூடி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டும்போது அவளும் தட்டுவாள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் கோகிலாவுக்குத் தாங்கவில்லை, சண்டைக்கு வந்தால் பதிலுக்கு நாலு பேசலாம். யாருக்கும் தெரியாது. ஹெலன் மேடத்துக்குத் தெரியாது, ஜோதிமணிக்குத் தெரியாது. இந்த விரலுக்குத் தெரியும், நாளைக்குச் சோறு பிசைகிற விரல், பிள்ளைக்கு ஊட்டுகிற விரல். யார் படத்தின் மேலும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது ஒரே ஒரு சட்டம், அதை மீறினவள் லைனிலேயே கவனமானவள்.

ஸ்கேன் பண்ணின பழைய ஃபைல் இருக்குமா என்று போய்த் தேடினாள், இல்லை, அதன்மேலேயே சேவ் பண்ணியிருந்தாள், இருந்தாலும் என்ன, தேய்த்தபிறகு எடுத்த ஸ்கேன்தானே, இல்லாததை எத்தனை தடவை தேடினாலும் இல்லாததுதான், அது தெரிந்தும் நாலு ஃபோல்டரைத் திறந்து மூடினாள். போன் மேஜையில் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள்.

"என்னம்மா, ஏத்திட்டியா?"

"அண்ணா, அஞ்சு மணி வரைக்கும் டயம் குடுங்க." குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏம்மா திருடங்கிட்டப் பேசற மாதிரி பேசற?"

"பிள்ள தூங்குதுங்கண்ணா."

"எம்பிள்ளயும் தூங்கணும்லம்மா, நான் வீட்டுக்குப் போனாத்தான் தூங்கும். நாலரை. அதுக்குமேல ஒரு நிமிசம்னாலும் நோட்டீஸ்தான்."

"அண்ணா, ஒரு ஆளு விட்டுப்போச்சு."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மனுஷர், ஒரு ஆள் விட்டுப்போவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாலே முக்கால்," என்றார். "அதுக்குமேல என்னைக் கேக்காத."

நாலே முக்கால் என்றால், எட்டையும் ஒன்பதையும் பழையபடி சுருக்க அரைமணி, ஆறுக்கு நாலு பக்கம் திறக்கப் பத்து நிமிஷம், படம் எடுத்துச் சரிபண்ணக் கால்மணி, வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும், வாசலில் சாய்வாக வெயில் விழுகிற இடத்தில் வைத்து எடுத்தால் புள்ளிக்குப் புள்ளி நிழல் விழும், நிழல் விழுந்தால் தெரியும். முடியும். கை அதற்குள் அரிசி மாவு டப்பாவைத் தேடியது, கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். முடியும்தான், ஆனால் போய் என்ன சொல்லுவது, கறை என்று நினைத்தேன் என்றா, நீ வைத்ததை நான் கறை என்று நினைத்தேன் என்று ஒருத்தியிடம் எந்தப் பாஷையில் சொன்னால் கொஞ்சம் நன்றாக இருக்கும். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, தூங்குகிறவளை எழுப்புவது பாவம் என்று அதற்கு ஒரு நல்ல சட்டையும் போட்டுக்கொண்டு வந்தது. அந்த நேரத்துக்குத் தன்ஷிகா சிணுங்கினாள். கோகிலா கயிற்றைத் தொடவில்லை. ஆட்டியிருந்தால் தூங்கியிருப்பாள், ஆட்டவில்லை, பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்தாள், துணியைத் தோளில் போட்டாள், கிண்ணத்தை எடுத்தாள். நாலாம் நம்பர் பூட்டியிருந்தது. ஐந்தாம் நம்பரில் பரிமளம் அக்கா, "நீலச் சட்டயாக் கண்ணு?" என்றாள், கோகிலா நிற்கவில்லை.

மூன்று தடவை தட்டின பிறகு ஆறாம் நம்பர் கதவு திறந்தது. அவிழ்ந்த முடி, கன்னத்தில் பாய் வரி.

"என்ன அக்கா? தண்ணி வந்திருச்சா?"

அவள் கதவை யாராவது தட்டினால் அது தண்ணீர் வந்ததைச் சொல்லத்தான் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. கோகிலா இல்லை என்று தலையாட்டினாள், வாசல்படியில் உட்கார்ந்தாள், துணியை விரித்து ஆறாம் பாகத்தைக் காட்டினாள்.

"இதுல நீ வச்சது... நான்தான் தேய்ச்சுட்டேன். கறைன்னு நெனச்சு. பிரஷ் வெச்சு."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். வெள்ளையைத் தடவினாள். துணியைப் புரட்டி, பின்பக்கத்தில் விரலை வைத்து, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரைக்கும் போனாள், கோகிலா கண்ணை மூடிக்கொண்டு போன அதே வழி.

"ரெண்டு நாள் வச்சேன்," என்றாள். "டூட்டி முடிஞ்சு வந்து, தூங்காம."

"எனக்குத் தெரியல."

"நீ கேக்கல."

"கேக்கல," என்றாள் கோகிலா.

"வாசல்லயும் நீதான். குடத்துல தண்ணி கொண்டுவந்து."

"அதுவும் நான்தான்."

"ரெண்டு தடவ கழுவிட்ட." அந்தப் பெண்ணின் உதட்டோரம் லேசாக இழுத்தது, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "மூணாவது என்ன, ஆளையே கழுவுவியா?"

கோகிலாவுக்குச் சிரிக்கவும் வந்தது, கண்ணும் கரித்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். "உம் பேரு என்ன?"

"மினதி."

"மினதி," என்று சொல்லிப் பார்த்தாள், மூன்றே எழுத்து, அடிக்க எத்தனை நேரம் ஆகும். "மினதி, நாலே முக்காலுக்குப் புத்தகம் போகணும். அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல உன் இடத்த நான் திறந்துடறேன். நீ மறுபடி வச்சுத் தா. மாவுகூடக் கரைச்சுட்டு வந்திருக்கேன்."

மினதி கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்தாள், நுனியிலிருந்து சொட்டியது. "தண்ணி," என்றாள், உள்ளே போய் ஒரு கை மாவு கொண்டுவந்து போட்டுக் கலக்கினாள், மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள், இப்போது சொட்டவில்லை. கிண்ணத்தைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, கோகிலா பக்கமாகத் தள்ளினாள்.

"எங்க வீட்ல கோலத்த மிதிச்சவங்கதான் திரும்ப வைக்கணும். அம்மா சட்டம். நான் காட்டறேன்."

"நானா? எனக்கு வராது."

"விரல் இருக்குல்ல?"

இருந்தது. கோகிலா ஆள்காட்டி விரலை மாவில் தோய்த்தாள், பரிமளம் அக்காவின் கயிறு நின்ற இடத்துக்குக் கொண்டுபோனாள். பனியன் துணி விரலோடு சேர்ந்து நகர்ந்தது, இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும், இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், இன்னொரு கையில் தன்ஷிகா, எட்டிக் கிண்ணத்தைப் பிடிக்கத் துள்ளிக்கொண்டிருந்தாள். மாவு விரலிலிருந்து விழப் பார்த்தது. மினதி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், குழாயடியில் அன்றைக்கு நீட்டின மாதிரியே இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாப்பாவ எங்கிட்ட குடு, அக்கா."